இடது பக்கத்துப் பேட்டரி

எங்கள் கம்பெனியில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'ரெண்டு நிமிஷம்' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பட்டப்பெயரை அவரே தேடிக்கொண்டார். யாராவது தெரியாத்தனமாக "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டுவிட்டால் போதும், கேட்டவர் எழுந்து ஓடிவிடாதபடி அவருடைய முட்டியில் கையை வைத்து அமுக்கிக்கொண்டு ஆரம்பித்துவிடுவார்.

"பெரிய ஆபீஸ், ஆஸ்பத்திரி இங்கெல்லாம் ஃபைலு, படம் எல்லாத்தையும் சேத்து வைக்க பீரோ உயரத்துக்கு ஒரு மிஷின் இருக்கும். டேட்டா ஸ்டோரேஜ்னு சொல்லுவாங்க. அதுகிட்ட ஒரு ஃபைலைக் குடுத்தா உடனே டிஸ்க்ல எழுதாது. மெமரில வாங்கி வச்சுக்கிட்டு, 'சரி, சேமிச்சாச்சு'ன்னு பொய் சொல்லிடும். அப்புறம் நிதானமா டிஸ்க்ல எழுதும். அந்த நேரம் பாத்து கரண்ட் போச்சுன்னா? மெமரில இருந்தது அம்போ. அதுக்குத்தான் மிஷினோட அடிவயித்துல இடது ஒண்ணு வலது ஒண்ணுன்னு ரெண்டு பேட்டரிப் பெட்டி. கரண்ட் போனா ரெண்டு நிமிஷம் தாங்கும். ரெண்டே நிமிஷம்! அதுக்குள்ள கையில இருக்கறதை எல்லாம் டிஸ்க்ல எழுதிட்டு மிஷின் தூங்கப் போயிடும். அந்த ரெண்டு நிமிஷம் என் பொறுப்பு."

"கட்டடத்துல ஜெனரேட்டர் இருக்குமே?" என்று கேட்பவர்களும் உண்டு. "இருக்கும். அதெல்லாம் சொதப்பற அன்னிக்குத்தான் நம்ம ஆளோட அருமை தெரியும்" என்பார். அவருடைய மச்சான் ஒருவர் இருபது வருஷமாக இந்த விளக்கத்தைக் கேட்டுவிட்டு, இன்னமும் உறவுக்காரர்களிடம் "நம்ம மாப்பிள்ளை பேட்டரி விக்கறாரு" என்றுதான் அறிமுகம் செய்கிறாராம். அதைச் சொல்லும்போது மட்டும் அவருக்கு முகம் சுருங்கிவிடும்.

நான் அதே கம்பெனியில் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். அவர் மாட்டுகிற ஒவ்வொரு பெட்டியும் என் அலமாரியிலிருந்துதான் போகும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊருக்கே தெரியும், அதனால் அதை மறைத்து எழுதப் போவதில்லை. அந்த மனுஷன் மேல் எனக்கு மரியாதை இருந்தது, எரிச்சலும் இருந்தது. எரிச்சல்தான் கொஞ்சம் கூட.

அவர் படித்து வந்தவர் இல்லை. பதினேழு வயதில் லாரி பேட்டரி சரிசெய்கிற கடையில் சேர்ந்தார். ஆசிட் பட்டு ஓட்டை விழாத சட்டை ஒன்றுகூட அவரிடம் இருந்ததில்லையாம். பெண் பார்க்கப் போன அன்று அக்கா மகனின் சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனாராம். "சட்டையைப் பாத்து ஏமாந்துட்டேன்" என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்வார். நான் 'அண்ணி' என்று கூப்பிடுகிற அந்த அம்மாள் வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிறவர். ஊர் பேட்டரியெல்லாம் பார்க்கிற ஆளுக்கு வீட்டுக் கடிகாரத்துக்கு ஒரு பேட்டரி போட ஒரு வருஷமாக நேரமில்லை என்று என்னிடம் போனில் புலம்பியிருக்கிறார்.

கடையிலிருந்து எங்கள் கம்பெனிக்கு வந்தவர், கூட வந்த இன்ஜினியர்களைப் பார்த்துப் பார்த்தே வேலையைக் கற்றுக்கொண்டார். ஒவ்வொரு பெட்டியும் விவரம் தெரிந்த குழந்தையின் எடை இருக்கும். குனிந்து, தரையோடு தரையாக உட்கார்ந்து, கேபினெட்டின் அடியிலிருந்து இழுக்க வேண்டும். இடுப்பு போய்விட்டது. பெல்ட் கட்டிக்கொண்டு போவார். ஆனால் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. முக்கியமாக அவர் ஒயர் கட்டுகிற அழகு. நாலு விரலுக்கு ஒரு பிளாஸ்டிக் டை போட்டு, வாரிப் பின்னின மாதிரி நேராக இறக்குவார். ஒவ்வொரு ஒயரின் இரண்டு முனையிலும் குட்டிக் குட்டி எழுத்தில் லேபிள் ஒட்டுவார். புதிதாகச் சேருகிற இன்ஜினியர்களுக்கு அவர் கட்டின ஒயரைப் போட்டோ எடுத்துத்தான் காட்டுவார்கள். அதில் அவருக்குக் கர்வமும் உண்டு. கர்வப்படட்டும், உழைத்தவர்தானே.

இப்போது என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பெட்டிகளை வாங்கி அலமாரியில் போட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. சும்மா இருந்தால் பேட்டரி தானாகவே செத்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொன்றையும் இறக்கி, சார்ஜ் ஏற்றி, அளந்து பார்த்து, அதன் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். அறுபத்து நாலு பெட்டி. பதினோரு வருஷமாக ஒரு தேதி தவறினதில்லை. அம்மா இறந்த வாரம்கூட மூன்றாம் நாள் வந்து உட்கார்ந்து சார்ஜ் போட்டிருக்கிறேன். எதற்குச் சொல்கிறேன் என்றால், பிறகு என் மேல் விழுந்த பழி அந்த அட்டைகளைப் பற்றியது.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எங்கள் மிஷின் ஒன்று ஆறு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்கேன், எக்ஸ்ரே படமெல்லாம் அதில்தான் சேரும். ஒரு திங்கட்கிழமை காலையில் அதன் முகப்பில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. இடது பேட்டரி பலவீனம் என்று திரையில் செய்தி. இப்படி ஒரு பேட்டரி சரியில்லை என்றால் அந்த மிஷின் தன் மெமரியை நம்பாது. படத்தை வாங்கினால் நேராக டிஸ்க்கில் எழுதிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடும். நல்ல குணம்தான். ஆனால் வேலை ஆமை வேகமாகிவிடும். ஒரு ஸ்கேன் படம் போய்ச் சேரும்வரை நோயாளி அந்தக் குளிர் அறையில் படுத்தே கிடக்க வேண்டியதாயிற்று. வெளியே வரிசை நீண்டது, டாக்டர்கள் கத்தினார்கள், அந்தக் கத்தல் போன் வழியாக எங்கள் மேனேஜருக்கு வந்தது.

'ரெண்டு நிமிஷம்' வந்தார். என்னிடம் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு போனார். இடது பக்கத்துப் பெட்டியை மாற்றிவிட்டு வந்தார். புதுப் பெட்டியில் முழுசாகச் சார்ஜ் ஏற ஒரு நாள் ஆகும், அதுவரை விளக்கு ஆரஞ்சாகத்தான் இருக்கும், அதனால் அங்கேயே காத்திருக்கிற வழக்கமில்லை. மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன். விளக்கு மாறவில்லை. இடது பேட்டரி பலவீனம்.

"என்னம்மா, செத்த பெட்டியைக் குடுத்துட்டீங்க?" என்று சிரித்துக்கொண்டேதான் வந்து கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும், ஒன்று அப்படி அமைந்துவிடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு பெட்டியை அவர் கண் முன்னாலேயே அளந்து கொடுத்தேன். அதற்கடுத்த வாரமும் அதே கதை. மூன்றாவது பெட்டிக்கு வந்தபோது அவர் சிரிக்கவில்லை. என்னை 'அம்மா' என்றும் கூப்பிடவில்லை.

"மேடம், இதையாவது ஒழுங்கா சார்ஜ் பண்ணியிருக்கீங்களா?"

"சார், அட்டையைப் பாருங்க. தேதி இருக்கு, கையெழுத்து இருக்கு. கண்ணு இருந்தா படிங்க."

"தேதி போடறது பெரிய விஷயமா? யார் வேணும்னாலும் போடலாம்."

பதினோரு வருஷப் பழக்கத்தில் நான் அவரை 'சார்' என்றதும் அவர் என்னை 'மேடம்' என்றதும் அன்றைக்குத்தான். நான் பெட்டியை மேஜை மேல் தூக்கி வைத்த வேகத்தில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் திருப்பிக்கொண்டு வந்த இரண்டு பெட்டிகளையும் நானே அளந்து பார்த்திருந்தேன். இரண்டும் கல்லு மாதிரி நன்றாகத்தான் இருந்தன. சொன்னால் நம்பினால்தானே? "மேஜை மேல நல்லாத்தான் காட்டும், மிஷின்ல போட்டாத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டார்.

மூன்றாவதும் போயிற்று. விளக்கு ஆரஞ்சு.

"ஒரு தடவை வலதையும் கழட்டிப் பாத்தா என்ன?" என்று நான் கேட்டிருக்கிறேன். அதற்கு அவர் என்னை முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது. அந்த வேலையில் ஒரு கட்டாய விதி இருக்கிறது. ஒரு பக்கம் பழுது என்று சொல்லும்போது நல்ல பக்கத்தைத் தொடவே கூடாது. தொட்டால் மிஷினுக்கு ஒரு பேட்டரிகூடத் துணை இருக்காது. அவர் விதிப்படிதான் நடந்தார். அதுதான் கொடுமை.

எங்கள் மேனேஜருக்கு வேலையின் உள்விவரம் எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டார். அவருக்கு வேண்டியது ஆஸ்பத்திரிக்காரர்களின் வாயை அடைக்க ஒரு காரணம். மூன்று பெட்டி கெட்டது, மூன்றும் ஒரே ஸ்டோர்ஸிலிருந்து வந்தது, ஸ்டோர்ஸில் ஒரே ஆள். காரணம் கிடைத்துவிட்டது. எனக்கு ஒரு கடிதம் கொடுத்தார். சார்ஜ் ஏற்றாமலே அட்டையில் தேதி போட்டேனா என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் திருப்தியாக இல்லை என்றால் சாவியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீட்டில் சம்பாதிக்கிற ஆள் நான் ஒருத்திதான். அதைவிட, திருட்டுக் கையெழுத்து போட்டேன் என்று சொன்னது என்னைத் தூங்கவிடவில்லை.

செவ்வாய்க்கிழமை அவர் நாலாவது பெட்டியை வாங்க வந்தார். பெட்டியைத் தள்ளிவிட்டேன். அவர் எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு அங்கே நடந்ததைப் பின்னால் அவர் வாயாலேயே கேட்டேன்.

ஆஸ்பத்திரியில் திரையைப் பார்த்துக்கொள்கிற ஆபரேட்டர் ஒருவர் உண்டு. எங்கள் ஆள் வேலையை ஆரம்பிக்கும் முன் அவர் திரைக்கு வருகிற செய்திகளை நிறுத்தி வைத்துவிடுவார். இல்லையென்றால் பேட்டரியைக் கழற்றின உடனே ஆஸ்பத்திரியில் இருக்கிற அத்தனை அதிகாரிகளின் போனும் அலறும். வேலை முடிந்ததும் திரும்பத் திறந்துவிடுவார். ஆறு வருஷமாக இதுதான் பழக்கம். அன்றைக்கு அந்த ஆபரேட்டர் விடுப்பு. அந்த நாற்காலியில் வேறு பிரிவிலிருந்து வந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். செய்தியை நிறுத்த வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் மெல்லிசாக ஒரு ஒயர் மேலே போகும். பெட்டி தன் உடம்பு எப்படி இருக்கிறது என்று மிஷினிடம் சொல்கிற ஒயர் அது. இவர் இடது பெட்டியின் மெல்லிய ஒயரை உருவினார். உருவின மறு நொடி கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பெண் கத்தினாள்.

"அண்ணா, வலது பேட்டரி காணோம்னு வருது! என் போன் வேற அடிக்குது!"

"வலது இல்லம்மா, இடது. நல்லாப் பாரு."

"நல்லாத்தான் பாத்தேன். வலதுன்னுதான் போட்டிருக்கு. வந்து பாருங்க."

போய்ப் பார்த்தார். வலது. திரும்பி வந்து மறுபடி மாட்டினார், மறுபடி உருவினார். வலது.

அப்புறம் கட்டரை எடுத்து, தான் கட்டின டைகளை ஒவ்வொன்றாக நறுக்கினார். நாலு விரலுக்கு ஒன்று, மொத்தம் பத்தொன்பது. ஒரு ஒயரை விரலால் பிடித்துக்கொண்டு கீழிருந்து மேல்வரை தடவிக்கொண்டே போனார். கீழே 'இடது' என்று லேபிள் ஒட்டின ஒயர், மேலே போய்ச் சேரும்போது 'வலது' என்றிருந்தது. மற்றொன்று நேர்மாறு. இரண்டும் ஒரே நிறம், ஒரே நீளம். ஆறு வருஷத்துக்கு முன்னால் இரண்டையும் பிணைத்துக் கட்டிவிட்டு, மேல் முனையில் லேபிளை மாற்றி ஒட்டியிருக்கிறார். ஒட்டியதும் அவரே, எழுத்தும் அவருடையதே.

இரண்டு பேட்டரியும் நல்லபடியாக இருந்தவரைக்கும் யார் பேச்சை யார் சொன்னால் என்ன? தெரியவில்லை. ஆறு வருஷம் கழித்து வலது பக்கம் நோஞ்சானானபோது, அதன் புலம்பல் இடது பக்கத்தின் பேரில் வந்தது. இவர் மூன்று முறை நல்ல பெட்டியைக் கழற்றிவிட்டு, நல்ல பெட்டியை மாட்டியிருக்கிறார். கழற்றி மாட்டின அந்த நேரமெல்லாம் செத்துக்கொண்டிருந்த வலது பெட்டி ஒன்றை மட்டும் நம்பி மிஷின் நின்றிருக்கிறது. அப்போது கரண்ட் போயிருந்தால்? அதை நினைத்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

உட்கார்ந்தவர் எழுந்து வந்து எல்லோரிடமும் சொல்லியிருந்தால் இந்தக் கதை இத்தோடு முடிந்திருக்கும். சொல்லவில்லை. ஒயர்களை மாற்றிச் சரியாகச் சொருகினார். லேபிளை உரித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கழற்றின இடது பெட்டியையே திரும்ப மாட்டிவிட்டு, நாலாவது பெட்டியை வலது பக்கம் போட்டார். புதிதாக டை கட்டினார். அந்தப் பெண் "அண்ணா, எதுக்கு வலதுன்னு வந்துச்சு?" என்று கேட்டதற்கு, "ஸ்க்ரீன் சில சமயம் அப்படித்தாம்மா உளறும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

புதன்கிழமை காலையில் விளக்கு பச்சை. ஆபீஸே கொண்டாடியது. மேனேஜர் எல்லோர் முன்னாலும் அவர் தோளில் தட்டிவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா? நல்ல பெட்டி குடுத்ததும் சரியாயிடுச்சு. அப்ப அந்த மூணும் என்ன? வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் டைம்."

'ரெண்டு நிமிஷம்' அங்கேதான் நின்றார். ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் தலை குனிந்து நிற்பது வெற்றியின் அடக்கமாகத் தெரிந்தது. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

நேராக ஸ்டோர்ஸுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு என் பதிலை எழுதினேன். எல்லா அட்டைகளின் நகலையும் வைத்தேன், திரும்பி வந்த பெட்டிகளின் அளவுகளை வைத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கோபம் நிறுத்தவிடவில்லை. கடைசியில் மூன்று வரி சேர்த்தேன். 'இவர் கண்ணால் பார்த்து வேலை செய்வதை விட்டு வெகுநாளாகிறது. பழக்கத்தில் வேலை செய்கிறார். இவரை இனியும் வெளி வேலைக்கு அனுப்புவது ஆபத்து.' எனக்கு அப்போது ஒயரைப் பற்றி எதுவும் தெரியாது. அவர் வேலையில் ஒரு குறையும் நான் கண்டதில்லை. நான் தப்பிக்க ஒருவரைக் கைகாட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். மேனேஜரிடம் கொடுத்தேன், அவர் அன்றைக்கே தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார்.

அதே புதன்கிழமை அவர் வீட்டில் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாராம். அண்ணி விடவில்லை. தோண்டித் துருவிக் கேட்டு எல்லாவற்றையும் வாங்கிவிட்டார். வாங்கிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்.

"லேபிளைத் தப்பா ஒட்டிட்டேன்னு சொல்ல உங்களுக்கு வெக்கமா இருக்கு, சரி. அந்தம்மா பொய்க் கையெழுத்துப் போட்டவள்னு பேர் வாங்கிட்டு வீட்டுக்குப் போகுமே, அதுக்கு வெக்கமா இருக்காதா?"

வியாழக்கிழமை மதியம் அவர் ஸ்டோர்ஸுக்கு வந்தார். நான் நிமிரவில்லை. "பெட்டி எதுவும் இல்ல. இருக்கறதெல்லாம் செத்தது" என்றேன். அவர் சட்டைப்பையிலிருந்து இரண்டு லேபிள் துண்டுகளை எடுத்து மேஜை மேல் வைத்தார். சொன்னார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார்.

"எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு?"

"செவ்வாய்க்கிழமை."

"இன்னிக்கு என்ன கிழமை?"

அவர் லேபிள் துண்டுகளை விரலால் ஒன்று சேர்த்து வைத்தார்.

"நேத்து எல்லார் முன்னாடியும் அந்தாளு என்னைக் கேட்டப்ப, நீங்க பக்கத்துல நின்னீங்களே சார். வாயில என்ன வச்சிருந்தீங்க?"

"பயந்துட்டேம்மா. இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூடத் தப்பு பண்ணலைன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அது போயிடுமேன்னு பயந்துட்டேன்."

நான் அழுதேன், திட்டவும் செய்தேன். எது முன்னால், எது பின்னால் என்று நினைவில்லை. அவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனார். அவர் கதவைத் திறந்து உள்ளே போன பிறகுதான் எனக்கு என் கடிதம் ஞாபகம் வந்தது.

ஓடினேன். மேனேஜர் அவரிடம் ஒரு வழி சொல்லிக்கொண்டிருந்தார். "எதுக்கு வம்பு? ஒயர் லூசா இருந்துச்சுன்னு எழுதிக் குடுங்க. உங்களுக்கும் நல்லது, கம்பெனிக்கும் நல்லது. ஸ்டோர்ஸ் விஷயத்தை நான் வேற மாதிரி பாத்துக்கறேன்."

"லூசா இருந்துச்சுன்னா மூணு பெட்டியும் நல்லதுன்னு எப்படி சார் ஆகும்? அந்தம்மா தப்பு பண்ணலைன்னு காகிதத்துல வரணும்" என்றார் அவர். அங்கேயே உட்கார்ந்து எழுதினார். நிறுவும்போது ஒயர்களை மாற்றி இணைத்தது நான், மூன்று வாரம் கண்டுபிடிக்காதது நான், இரண்டு நாள் சொல்லாமல் இருந்ததும் நான். மூன்று இடத்திலும் 'நான்' என்று இருந்தது.

அவர் போன பிறகு மேனேஜரிடம் என் கடிதத்தைத் திரும்பக் கேட்டேன்.

"அது நேத்தே போயாச்சு."

"கடைசி மூணு வரியை மட்டும் எடுத்துடச் சொல்லுங்க சார். கோவத்துல எழுதிட்டேன். அது உண்மை இல்ல."

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "என்ன மேடம் நீங்க? அவரே ஒத்துக்கிட்டாரு. நீங்க எழுதினது அச்சு அசலா சரியாப் போச்சு. அதை எதுக்கு எடுக்கணும்?"

தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. நான் எழுதினபோது அது பொய். மறுநாள் அது மெய்யாகிவிட்டது. இதை அந்த மனுஷனுக்கு எப்படிப் புரியவைப்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பத்து நாளில் உத்தரவு வந்தது. என் மேல் தவறில்லை என்று ஒரு வரி, மன்னிப்பு என்ற வார்த்தை எதிலும் இல்லை. அவருக்கு ஒரு பக்கம். வெறும் தவறை ஒத்துக்கொண்டதற்கு எச்சரிக்கையோடு விட்டிருப்பார்கள், அப்படி விட்டதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் உத்தரவின் நடுவில் 'உடன் பணிபுரியும் மூத்த ஊழியர் ஒருவரின் கருத்து' என்று என் மூன்று வரியையும் எடுத்துப் போட்டிருந்தார்கள். அந்தக் கருத்தைக் கணக்கில் கொண்டு அவரை வெளி வேலையிலிருந்து நிரந்தரமாக நீக்கி, ஸ்டோர்ஸில் உதவியாளராகப் போட்டிருந்தார்கள். என் கீழே.

திங்கட்கிழமை காலையில் வந்தார். இடுப்பு பெல்ட் இல்லை. "எங்கம்மா உக்காரணும்?" என்று கேட்டார். நான் நாற்காலியைக் காட்டினேன். முதல் நாளிலேயே அறுபத்து நாலு அட்டையையும் எடுத்து, ஒன்று விடாமல் தேதிகளைப் படித்தார். படித்து முடித்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்கும்மா" என்றார். அந்த மூன்று வரியும் என்னுடையது என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். "சரியாத்தான் இருக்கும், போய் சார்ஜரை எடுங்க" என்று எரிந்து விழுந்தேன்.

ஏழு மாதம் ஆகிறது. வெளி வேலைக்குப் போகிற இன்ஜினியர்கள் பெட்டி வாங்க வரும்போதெல்லாம் அவரிடம் நின்று பேசிவிட்டுப் போவார்கள். போன வாரம் அவர்களில் ஒருவர் அந்த உத்தரவைப் பற்றிப் பேச்செடுத்தார்.

"தப்பு யார்தான் பண்ணலை? அந்த மூணு வரி எழுதினானே ஒருத்தன், அவன்தான்ணே உங்களைக் கவுத்தது. யாருன்னு கண்டுபிடிச்சீங்களா?"

நான் பக்கத்து மேஜையில் பெட்டி ஒன்றை அளந்துகொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. 'பழக்கத்தில் வேலை செய்கிறார்' என்பது நான் எல்லோரையும் நாள் முழுக்கத் திட்டுகிற வார்த்தை. அவரையே நூறு தடவை அப்படித் திட்டியிருக்கிறேன். உத்தரவில் அந்த வரியைப் படித்தவருக்கு அது யார் எழுதினது என்று தெரியாமலா இருந்திருக்கும்?

"யாரோ எழுதினாங்க, விடுப்பா" என்றார் அவர். "ஏதோ கஷ்டத்துல எழுதியிருப்பாங்க."

இன்ஜினியர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்த பெட்டியின் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, "எவ்வளவு காட்டுதும்மா?" என்று கேட்டார். நான் அளவைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.